பொதுக் கிணற்றுக்கு நான் போட்ட தண்டோரா

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின் ஜெபவீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள்.

அரக்கோணத்திலிருந்து மாதம் ஒருமுறை ரயிலேறி வரும் பாதிரியார். எங்களோடேயே குடியிருந்து, பள்ளிக்கூடமும் ஜெபமும் நடத்திய உபதேசியார் தேவசகாயம். சபை மூப்பர் ஆரோன், செங்கல் சூளையில் மேஸ்திரி. அவர் தம்பி சாலமோன், அண்ணன் சொன்னதில் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்லுவான். பெண்கள் பக்கத்தில் நிறையப் பேர். வாய் திறந்தது ஒருத்திதான், என் சம்சாரம் எஸ்தர். வாசலுக்கு வெளியே, படியில் கால் வைக்காமல், என் அக்கா பாப்பம்மாவின் புருஷன் எல்லப்பன். அவர் வேதக்காரர் இல்லை. எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவனை வேதக்காரன் என்றுதான் சொல்வார்கள். கடைசியாகக் கதவோரம் நான், ஞானமுத்து.

மறுநாள் நான் ஊரில் ஒரு தண்டோரா போட வேண்டும். அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைச் சொன்னால் எங்கள் பன்னிரண்டு வேதக்கார வீட்டுக்கும் புதுக் கிணற்றில் தண்ணீர் கிடையாது. சொல்லமாட்டேன் என்றால் சேரியில் யாருக்குமே கிடைக்காமல் போகலாம். அதைப் பேசத்தான் உட்கார்ந்தோம்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், எங்கள் சபை வாலிபர் சங்கத்தில் இந்த வருஷம் ஒரு விவாதம் வைத்தார்கள். கிறிஸ்தவன் ஊர் விவகாரத்தில், ஓட்டு விவகாரத்தில் தலையிடலாமா, ஒதுங்கி இருக்கலாமா என்று. இரண்டு பக்கமும் நன்றாகப் பேசினார்கள். முடிந்தபின் என்னைக் கேட்டார்கள். எனக்குப் பிரசங்கம் வராது. மூன்றாம் வகுப்போடு சரி. நான் செய்த வேலையைச் சொன்னேன். அதையே எழுதிக் கொடுங்கள் என்றார்கள். இப்போது தண்டோராவும் இல்லை. ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். என்ன சொன்னார்கள் என்று தெரிவதற்குள் ஜீப் போய்விடுகிறது.

சர்க்கார் கணக்கில் என் வேலைக்குப் பெயர் வெட்டியான். சுடுகாட்டு வேலை இல்லை, சர்க்கார் உத்தரவைத் தண்டோரா போட்டுச் சொல்வது. அப்பாவுக்குக் கண் தெரியாமல் போனது, அவர் இடத்தில் நான் நின்றேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

எங்கள் மேலதிகாரி கிராம முன்சீப் கோவிந்த ரெட்டியார். வரி வசூலும் சர்க்கார் உத்தரவும் அவர் கையில். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மெதுவாகத்தான் பேசுவார். மெதுவாகப் பேசுவதால்தான் பயம்.

திருத்தணி தாலூக்கா ஆபீசிலிருந்து உத்தரவு வந்தால் என்னைச் சாவடிக்குக் கூப்பிடுவார். அவர் மேலே பாயில் உட்கார்ந்திருப்பார். நான் கீழே நிற்பேன். காகிதத்தைப் படித்து, சுருக்கி, முதலில் தெலுங்கில் சொல்வார், பிறகு தமிழில். ஊரில் பாதி வீட்டில் தெலுங்குதான் பேச்சு. நான் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு பாக்கு வெட்டுவார். ஒரு வார்த்தை மாறினால் பாக்குவெட்டி நின்றுவிடும். திட்டமாட்டார். மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். பாக்குவெட்டி நிற்காமல் ஓடினால் சரி, போகலாம்.

ஒரு வார்த்தை கூட்டக்கூடாது, ஒரு வார்த்தை குறைக்கக்கூடாது. புதிதில் மாட்டு வியாதிக்குத் தண்டோரா போட்டபோது, பாவமே என்று, "யாரும் பயப்பட வேண்டாம்" என்று நானாகச் சேர்த்துச் சொன்னேன். அதைக் கேட்டதும்தான் ஜனங்களுக்குப் பயம் வந்தது. மத்தியானத்துக்குள் பாதி மாடுகள் பொதட்டூர்பேட்டைப் பக்கம் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டன. முன்சீப் சொன்னது ஒன்றுதான். "பயப்பட வாணாம்னு யாரு உன்னக் கேட்டாங்க?"

பறையை முதலில் வைக்கோல் தீயில் வாட்ட வேண்டும். மழைக்காற்றில் தோல் தொங்கிப்போகும். பங்குனி வெயிலில் அதிகம் வாட்டினால் வெடிக்கும். விரலால் சுண்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான். தெரு முனையில் நின்று மூன்று சுற்று அடி. நிறுத்து. நாய் குரைத்து ஓயட்டும். பிறகு சொல். நெசவுத் தெருவில் மட்டும் தறிச் சத்தம் நிற்கிறவரை அடிக்க வேண்டும். ரெட்டித் தெருவில் உள்ளே போகக்கூடாது, முனையோடு சரி. கடைசி வீட்டுக்குக் கேட்காது. கேட்காதது அவர்கள் பாடு.

வேதக்காரன் எப்படிப் பறை அடித்தான் என்று வாலிபர் சங்கத்தில் கேட்டார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பன்னிரண்டு வீடும் வேதத்துக்கு வந்தபோது நான் சிறுவன். ஊரில் சாவு விழுந்தால் பறை, கோயிலில் கொடியேறினால் பறை, செத்த மாட்டை இழுப்பது, எல்லாம் கூலியில்லாமல் எங்கள் தலையில். அதை விட்டுவிட வேண்டும் என்று பெரியவர்கள் எல்லாப் பறையையும் சாவடி வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். போட்டுவிட்டு முன்சீப்பிடம் சொன்னார்கள்: "நாங்க இனிமே சேரிக்காரங்க இல்லைங்க. அவங்க வேற, நாங்க வேற. எங்களுக்கும் அவங்களுக்கும் ஒண்ணும் இல்ல." சத்தமாக, ஊர் கேட்கச் சொன்னார்கள். அன்றைக்கு அது பெரிய தைரியம்.

என் அக்காவை அதற்கு முன்பே எல்லப்பனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. அவர்கள் வீடு சேரியின் மேற்குப் பக்கம். நாங்கள் கிழக்குப் பக்கம். நடுவில் ஒரு புளியமரம்.

சர்க்கார் தண்டோராவுக்கு மட்டும் ஒரு ஆள் வேண்டும் என்று முன்சீப் கேட்டார். சபை அதற்கு மட்டும் சம்மதித்தது. சாவுக்கு இல்லை, கோயிலுக்கு இல்லை, சர்க்கார் சேதிக்கு மட்டும் ஒரு பறை. அதுதான் என் பறை. அது ஜெபவீட்டுக்குள் வரக்கூடாது. வீட்டில் ஆணியில் தொங்கும். சபையில் சிலருக்கு அதுவும் பிடிக்காது. பந்தியில் என் பக்கத்தில் உட்கார யோசிப்பார்கள்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குக் காவடி எடுத்துப் போகிற கூட்டம் எங்கள் ஊர் ரோட்டில்தான் நடக்கும். ஒரு வருஷம் காலரா. ஏரித் தண்ணீர் குடிக்காதே, ஊசி போட்டுக்கொண்டு மலையேறு என்று உத்தரவு. காவடிக் கூட்டத்துக்குள்ளேயே நடந்து நடந்து சொன்னேன். தொண்டை கட்டிப்போயிற்று. அந்த மாதம் பாதிரியார் வந்ததும் ஆரோன் எழுந்து, "நம்ம ஆளு காவடிக்கு மேளம் அடிச்சான் ஐயா" என்றார்.

பாதிரியார் என்னைப் பார்த்தார். "என்ன சொல்லி அடிச்சே?"

சொன்னேன்.

"அடுத்த வருஷமும் போ" என்றார். அவ்வளவுதான் விசாரணை.

இனி கிணற்று விஷயம்.

யுத்தம் முடிந்து, சுதந்திரம் இன்னும் வராத சமயம். எங்கள் சேரிக்கென்று கிணறு கிடையாது. ஏரிக்குள் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்புவோம். கோடையில் ஊற்றும் வற்றும். அப்போது ரெட்டியார் வீட்டுத் தோட்டத்துக் கிணறுதான். குடத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அவர்கள் வீட்டு ஆள் வருகிறபோது வருவான். மேலே நின்று, எட்டத்திலிருந்து ஊற்றுவான். குடத்தில் விழுந்தது பாதி, மண்ணில் விழுந்தது பாதி. பெண்கள் குனிந்துகொண்டு குடத்தைத் தண்ணீர் விழும் பக்கம் நகர்த்துவார்கள்.

அந்த வருஷம் ஜில்லா போர்டில் மேல்ஜாதிக்காரர்கள் குடியிருக்கும் தெருவுக்கும் சேரிக்கும் நடுவே ரோட்டோரம் ஒரு கிணறு வெட்டினார்கள். நல்ல ஊற்று. கைப்பிடிச் சுவர், இரும்புக் கப்பி எல்லாம் வைத்தார்கள். சேரி ஜனங்கள் உட்பட ஊரார் எல்லாருக்கும் பொது என்று தாலூக்காவிலிருந்து உத்தரவு. புதன்கிழமை தாசில்தார் வந்து பார்ப்பார், அதற்குள் தண்டோரா போட வேண்டும்.

சனிக்கிழமை முன்சீப் கூப்பிட்டார். தெலுங்கில் சொன்னார், தமிழில் சொன்னார். கடைசியில் ஒரு வரி: "வேதக்காரர்களுக்கு இந்தக் கிணற்றில் பாத்தியம் இல்லை."

நான் திருப்பிச் சொன்னேன். அந்த வரி வந்ததும் நிறுத்தினேன். பாக்குவெட்டியும் நின்றது.

"அந்த வரி காகிதத்துல இல்ல. நான் சேக்கிறது" என்றார். மறைக்கவில்லை. "தெருக்காரங்க ஒத்துக்கல ஞானமுத்து. அத்தன பேரும் வந்தா கப்பியக் கழட்டிடுவோம்னு சொல்றாங்க. பாதிப் பேர்னா பொறுத்துக்குவாங்க. உங்களுக்கு மிஷன் இருக்குது. அவங்களுக்கு யாரு இருக்காங்க? பாதியாவது நடக்கட்டும்."

வெற்றிலையை மடித்துக்கொண்டே மேலும் சொன்னார்.

"நானா பிரிச்சேன்? அவங்க வேற நாங்க வேறன்னு இந்த வாசல்ல நின்னு சொன்னது உங்க ஆளுங்கதானே? அப்போ நான் இதே பாயிலதான் உக்காந்துகினு இருந்தேன்."

அது நிஜம்.

"திங்கக்கெழம காலையில வா" என்றார்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் உட்கார்ந்தோம்.

நான் நடந்ததைச் சொல்லி முடித்தேன். முதலில் உபதேசியார் பேசினார். நல்ல மனுஷன். சண்டை என்றால் ஒதுங்கிப் போய்விடுவார்.

"மிஷனுக்கு எழுதிப் போட்டா கிணறு வரும் ஐயா. ஜெபவீட்டுத் தோட்டத்துலயே வெட்டிக்கலாம். யார்கிட்டயும் போய் நிக்க வாணாம். நம்ம ஜனம், நம்ம தண்ணி."

"அதான் சரி" என்றார் ஆரோன். "நாம உலகத்த விட்டுப் பிரிஞ்சு வந்தவங்க."

"பிரிஞ்சு வந்தவங்க" என்றான் சாலமோன்.

வெளியே இருந்து எல்லப்பன் குரல். "பிரிஞ்சு வந்தவங்கல்லாம் எங்க ஊத்துலதான மொள்றீங்க?"

பெண்கள் பக்கம் சிரித்தது. ஆரோனுக்கு முகம் சிவந்தது. பாதிரியார், "உள்ளே வாங்க எல்லப்பன்" என்றார்.

"இருக்கட்டுங்க. இங்கயே காத்து வருது" என்றார் எல்லப்பன். துண்டைத் தோளிலிருந்து எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார். "ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். மச்சான் அந்த வரியச் சொன்னா எங்களுக்குத் தண்ணி. நெசந்தான். எத்தன நாளைக்கு? நாங்க இருக்கறது பத்து ஊடு. தெருக்காரன் நாளைக்கு ஒரு மொற மொறச்சான்னா எங்க பொண்ணுங்க குடத்த எடுத்துகினு திரும்பி வந்துடும். கூட்டமா போனாத்தான் நிக்க முடியும். நீங்க வந்தா நாங்க நிப்போம். நீங்க வரலன்னா நாங்களும் நிக்க மாட்டோம்."

உபதேசியார் அவரைச் சமாதானம் செய்யத்தான் நினைத்தார். "பயப்படாத எல்லப்பா. அவங்க விரட்டினா இங்க வாங்க. நம்ம கிணறு இருக்கும் இல்ல? நீங்க குடத்தக் கொண்டாந்து வெச்சா நம்ம பொண்ணுங்க மொண்டு ஊத்தறாங்க."

எஸ்தர் எழுந்தாள். அவள் சபையில் பேசி அதுவரை நான் பார்த்ததில்லை. "யாரு ஊத்தறது உபதேசியாரே? நானா?"

"ஆமாம்மா, யாரோ ஒருத்தர்..."

"பாப்பம்மாக்கா கீழ குனிஞ்சுகினு நிக்கும். நான் மேல நின்னு ஊத்தணும். தோட்டத்துல அந்த ஆளு எனக்கு ஊத்தறானே, அந்த மாதிரி. அதுதான?"

"நான் அப்படி நெனச்சுச் சொல்லலம்மா."

"நெனைக்கல. வாயில வந்துடுச்சே." முந்தானையை இழுத்துச் செருகினாள். "அந்த வேல எனக்கு வாணாம். அதுக்கு நான் ஊத்துலயே கொட்டாங்கச்சியில மொண்டுக்கறேன்."

உட்கார்ந்துவிட்டாள். உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார். அவர் பெண்சாதியும் ரெட்டியார் தோட்டத்தில் குனிந்தவள்தான்.

பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மெட்ராஸ்லயும் இதே பேச்சுதான் நடக்குது. கிறிஸ்தவங்களுக்குத் தனி ஓட்டு வேணுமா, எல்லாரோடவும் சேர்ந்து போடணுமான்னு. படிச்ச பெரியவங்க நாள் கணக்கா பேசறாங்க. எனக்கும் பதில் தெரியாமத்தான் இருந்தது" என்றார். எஸ்தர் பக்கம் பார்த்தார். பிறகு ஆரோன் பக்கம். "கூலியில்லாத வெட்டி வேலைய விட்டது சரி மூப்பரே. பறையப் போட்டது சரி. கூடவே சொந்தக்காரனையும் போட்டுட்டு வந்துட்டோம். அதுதான் இப்போ திரும்பி வந்து நிக்குது."

சாலமோன் அண்ணனைப் பார்த்தான். திருப்பிச் சொல்ல ஒன்றும் இல்லை.

"ஞானமுத்து, வேலை உன்னோடது. நீ என்ன சொல்றே?"

"அந்த வரி வாணாங்க ஐயா. வேல போனா போவுது" என்றேன். சூளையில் கல் சுமக்க ஆரோன் ஒரு வழி செய்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

பாதிரியார் தானும் சாவடிக்கு வருவதாகச் சொன்னார். எல்லப்பன்தான் தடுத்தார். "நீங்க வந்தீங்கன்னா மிஷன்காரங்க ஏவி உட்டாங்கன்னு சொல்லுவாங்க. நாங்களே போறோம். நீங்க இங்க ஜெபம் பண்ணிகினு இருங்க." பிறகு, "எனக்கும் சேத்து" என்றார். பாதிரியார் சிரித்துவிட்டார். அன்று அவர் ரயிலுக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை நானும் எல்லப்பனும் போனோம். முன்சீப் பாயில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க, சொல்லு."

தெலுங்கில் சொன்னேன். தமிழில் சொன்னேன். கடைசி வரியைச் சொல்லவில்லை.

பாக்குவெட்டி நின்றது.

"அது எனக்கு வாயில வரலைங்க ஐயா" என்றேன்.

என்னையே பார்த்தார். கோபமாகத் தெரியவில்லை. "பறைய வெச்சுட்டுப் போ."

சாவடிப் படியில் வைத்தேன். குச்சியையும் வைத்தேன். அதற்குள் அவர் எல்லப்பனிடம், "நீ எடுடா" என்றார்.

எல்லப்பன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கும் வராதுங்க சாமி."

"உனக்கு இன்னாடா வந்துச்சு? உனக்குத் தண்ணி தரேன்னுதான சொல்றேன்?"

"எனக்குத் தண்ணி, இவனுக்கு இல்லன்னு நானே பறையடிச்சுச் சொன்னா, இவன் அக்கா எனக்குச் சோறு போட மாட்டாங்க சாமி. தண்ணியக் குடிச்சுகினே எத்தன நாள் இருக்கறது?"

முன்சீப்பின் உதட்டோரம் அசைந்தது. சிரிப்பா, வெற்றிலையா, தெரியவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு உங்க ஆளுங்க சொன்னதுக்கு இன்னா சொல்ற?"

"சொன்னது நெசந்தாங்க ஐயா. பறை வாணாம்னு சொல்ல வந்தாங்க. அதோட சேத்து, இவங்களும் வாணாம்னு சொல்லிட்டாங்க. பறை இப்பவும் வாணாந்தாங்க. இவங்க வேணுங்க."

நான் முன்சீப்பிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அது ஒரு தடவைதான்.

அவர் வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டை வண்டி பள்ளிப்பட்டுப் பக்கம் போயிற்று. அது கண்ணுக்கு மறைந்ததும் எங்கள் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பேரும் மாட்டேன்னா, நான் போயி அடிக்கறதா?" என்றார். "எடு. காகிதத்துல இருக்கறது மட்டும். மறுபடி சொல்லு."

சொன்னேன். பாக்குவெட்டி நிற்காமல் ஓடியது.

கிளம்பும்போது, "நாளைக்குக் காலையில நான் கெணத்தாண்ட வந்து உக்காருவேன். யாராச்சும் இன்னா சொன்னாலும் நீங்க ஒருத்தரும் கை ஓங்கக் கூடாது. ஓங்கினா கெணறு போச்சு" என்றார்.

அன்று பறையை நன்றாக வாட்டினேன். கடைத்தெருவில் சொன்னேன். நெசவுத் தெருவில் தறி நிற்கிறவரை அடித்துவிட்டுச் சொன்னேன். சொல்லி முடித்தபிறகும் தறிகள் ஓடவில்லை. ரெட்டித் தெரு முனையில் நின்றேன். உள்ளே இருந்து ஒரு பெரியவர் வந்து, "இன்னா சொன்ன? மறுபடி சொல்லு" என்றார். மறுபடி சொன்னேன். "இன்னோரு தரம் சொல்லு" என்றார். சொன்னேன். ஒரு வார்த்தை மாறவில்லை. காறித் துப்பிவிட்டு உள்ளே போனார். துப்பியது என் மேல் இல்லை, பக்கத்தில்.

சேரியில் கிழக்குப் பக்கம் ஒரு தடவை, மேற்குப் பக்கம் ஒரு தடவை சொல்வது வழக்கம். அன்று புளியமரத்தடியில் நின்று இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. சேரிப் பெண்கள் எல்லாரும் குடத்தோடு கிளம்பினார்கள். ஆண்களும் வந்தோம், வெறுங்கையோடு. உபதேசியார் மட்டும் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு இடுப்பில் வைக்கத் தெரியவில்லை, நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தார். பாதிரியார் பின்னால் வந்து ரோட்டோரம் நின்றார்.

கிணற்றடியில் தெருக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். புங்கமரத்தடியில் முன்சீப் முக்காலியில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். யாரையும் பார்க்கவில்லை.

எங்கள் பெண்களின் கால் நின்றுவிட்டது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். நான் எஸ்தரின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெருக்காரர் ஒருவர் சொன்னார். "இன்னாடா எல்லப்பா, வேதக்காரனுக்குச் சாமி வேற. தண்ணி மட்டும் ஒண்ணா?"

எல்லப்பன் துண்டை அக்குளில் வைத்துக்கொண்டு குனிந்து, மரியாதையாகவே சொன்னார். "ஊத்து யாரு சாமியன்னு கேட்டுகினா ஊறுது நைனா?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். தெருக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். பாக்குவெட்டி நின்றது. முன்சீப் தலை நிமிரவில்லை. அந்தச் சத்தம் நின்றதை எல்லாரும் கேட்டார்கள். தெருக்காரர் அங்கேயே நின்றுவிட்டார்.

அப்போது பாப்பம்மா அக்கா எஸ்தரின் முழங்கையைப் பிடித்து, "வாடி" என்றது. இரண்டு பேரும் போனார்கள். கப்பியில் கயிற்றைப் போட்டார்கள். இரண்டு பேரும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். புதுக் கப்பி, கிறீச்சென்று கத்தியது. வாளி மேலே வந்ததும் எஸ்தர் அக்கா குடத்தில் ஊற்றினாள். அடுத்த வாளியை அக்கா எஸ்தர் குடத்தில் ஊற்றியது. யாரும் குனியவில்லை. குடங்கள் கைப்பிடிச் சுவர் மேல் இருந்தன.

பிறகு ஒவ்வொருத்தராக வந்தார்கள். நெசவுத் தெருப் பெண் ஒருத்தி குடத்தோடு தள்ளி நின்றுகொண்டிருந்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் மொண்டுகினு நகருங்கடி. ஊட்ல தறி நிக்குது" என்றாள். கிணற்றடியில் சண்டை போடும் பெண்கள் எப்போதும் பேசுகிற குரல்தான். எனக்கு அது நல்ல குரலாகக் கேட்டது.

உபதேசியார் தன் குடத்தை ரோடு முழுக்கச் சிந்திக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுபோனார். பெண்கள் கேலி செய்தார்கள். அவரும் சிரித்தார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். தெருக்காரர்களில் சிலர் ஒரு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை. சிலர் சுவரைக் கழுவிவிட்டு மொண்டார்கள். சித்திரை வெயிலில் மற்றக் கிணறுகள் வற்றின. கழுவத் தண்ணீர் போதவில்லை, கழுவாமல் மொண்டார்கள். கப்பியை யாரும் கழற்றவில்லை. மிஷன் கிணறு கேட்டு உபதேசியார் எழுதவில்லை. அடுத்த மாதம் பாதிரியார் கேட்டதற்கு, அந்தக் காசில் பள்ளிக்கூடத்துக்கு ஓடு போடலாம் என்றார். மேற்குப் பக்கத்துப் பிள்ளைகளும் படிக்க வந்தார்கள்.

அதற்குப் பிறகும் பல வருஷம் தண்டோரா போட்டேன். சுதந்திரம் வந்த சேதியையும் நான்தான் சொன்னேன். முதல் ஓட்டுக்கும் நான்தான் சொன்னேன். கிழக்குப் பக்கமும் மேற்குப் பக்கமும் ஒரே வரிசையில் நின்று போட்டோம். யாருக்குப் போட்டோம் என்பதில் எனக்கும் எல்லப்பனுக்கும் சண்டை. அது வேறு.

வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது அந்தச் செவ்வாய்க்கிழமைதான்.

வெயில் ஏறியதும் கூட்டம் கலைந்தது. எல்லாக் குடமும் சேரிக்குப் போய்விட்டது. முன்சீப் பாக்குவெட்டியை மடித்துப் பெட்டியில் வைத்தார். என்னைக் கூப்பிட்டார்.

"தாலூக்காவுக்கு எழுதணும். எத்தன குடம் போச்சு?"

நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். கிழக்குப் பக்கம் எத்தனை, மேற்குப் பக்கம் எத்தனை என்று பிரித்துக் கேட்பார் என்று தனித்தனியாக எண்ணி வைத்திருந்தேன். அவர் அப்படிக் கேட்கவில்லை. மனதுக்குள் இரண்டையும் கூட்டினேன்.

"நாப்பத்தி மூணுங்க ஐயா."